ஜீப்பில் ஒட்டிய சிவப்பு அம்பு

சித்ரகலாவுக்கு வாய் திறப்பதென்றால் பயம். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்துவிட்டால், வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வருவாளே தவிர, கேட்கமாட்டாள். ரேஷன் கடையில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போய் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது அவள் அழவில்லை. இனிமேல் யாரும் தன்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

பேசாதவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தாள். டைலருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை மடித்து அடுக்குகிற வேலை. நாலைந்து வருடம் கழித்து அவளைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். வெள்ளை விளக்குக்குக் கீழே பனியனை விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே சாயம் ஒரு நூல் கூடக்குறைய இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறை கண்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போட்டால் போதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலை தனக்கென்றே செய்து வைத்தது என்று அவள் நினைத்தாள். பதினான்கு வருடம் அதே டேபிளில் நின்றாள்.

அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை அந்த அம்பு அவளைத் திருப்பிக் குத்தியது. குழந்தைகள் பேன்ட் ஆர்டர் அது. இடுப்பு எலாஸ்டிக்கை மேஜையில் சும்மா வைத்து அளக்கிற ரிலாக்ஸ் அளவு சரியாக இருந்தது. இழுத்து அளக்கிற ஸ்ட்ரெச் அளவில் ஒன்றரை இஞ்ச் பத்தவில்லை. குழந்தையின் இடுப்பில் ஏறும்போது தையல் தெறித்துவிடும். அவள் ஒட்டினாள். ஒன்றில் ஆரம்பித்து மூட்டை மூட்டையாக ஒட்டினாள். லைன் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் வந்து பிரித்துத் தைக்கும்படி ஆனது. மருதாள் என்று ஒரு டைலர், அண்ணன் மகளின் காதுகுத்துக்குக் குன்னத்தூர் போக வேண்டியவள், போக முடியாமல் மிஷினில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் டீ நேரத்தில் சித்ரகலாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. செய்தது சரிதான் என்று சூப்பர்வைசர் சொன்னார். சரியாகச் செய்தாலும் ஆட்கள் நம்மை வெறுப்பார்கள் என்பது மட்டும் அவள் மனதில் தங்கிவிட்டது.

ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடியபோது, புருஷன் மோகன்ராஜ் அவளைத் தான் டிரைவராக இருந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனான். பல்லடம் ரோட்டில், பழைய வண்டிகளை வாங்கி விற்கிற யார்டு. முதலாளி மகுடேஸ்வரன் முன்பு சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். மிஷின்களை விற்றுவிட்டு வண்டித் தொழிலுக்கு வந்தவர். பெரிய டயர் மாட்டி, உயரத்தைக் கூட்டி, காடுமேடு ஏறுவதற்கென்று மாற்றிய ஜீப்புகள்தான் அங்கே அதிகம். அவற்றைக் கழுவித் துடைப்பது சித்ரகலாவின் வேலை.

சேர்ந்த முதல் மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். வண்டியில் என்ன குறை இருந்தாலும் காட்டும்மா என்று முதலாளி பேச்சுவாக்கில் சொல்ல, கம்பெனியிலிருந்து கொண்டுவந்து பர்ஸில் வைத்திருந்த அம்புகளை எடுத்து ஒரு ஜீப் பூராவும் ஒட்டிவிட்டாள். வெளியே துருத்திய டயருக்கு ஒன்று. வெட்டிக் குறைத்த பம்பருக்கு ஒன்று. கூரை மேல் போட்ட விளக்குப் பட்டைக்கு ஒன்று. மூக்கு மாதிரி மேலே ஏறிய காற்றுக் குழாய்க்கு ஒன்று. இருபத்தேழு அம்புகள். செக்கிங்கில் அப்படித்தான். ஆர்டர் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட சாம்பிள் எதுவோ அதுதான் சரி. அதிலிருந்து மாறியதெல்லாம் குறை. மகுடேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த வண்டிகளுக்குச் சாம்பிளே கிடையாது, ஒவ்வொருவனும் அவனவன் ஆசைக்கு ஒன்றைச் செய்துகொள்வான், எது ஆசை எது கோளாறு என்று பிரிப்பதுதான் இந்தத் தொழில் என்றார். ஒரு வாரத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சித்ரகலா அம்புகளைப் பர்ஸின் உள் அறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். மூன்று வருடமாக அந்த ஜிப்பைத் திறக்கவில்லை.

ஆனாலும் பார்ப்பதை அவள் விடவில்லை. முதலாளி ஒரு வண்டிக்கு விலை சொல்வதற்கு முன் எங்கெங்கே கை வைக்கிறார் என்று தூரத்தில் வாளியோடு நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கே பாடமாகியிருந்தது.

அன்று ஒரு வியாழக்கிழமை. ரித்தீஷ் என்கிற பையன், அப்பா ஏற்றுமதி செய்கிறவர், பாசிப்பச்சை நிறத்தில் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதன் பானட் சித்ரகலாவின் தோளுக்கு மேல் இருந்தது. என்னென்ன போட்டேன், ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து வந்தது, மொத்தம் எவ்வளவு செலவானது என்று அவன் சொல்லிக்கொண்டே வர, மகுடேஸ்வரன் காதில் விழாதவர் மாதிரி வண்டியைச் சுற்றி வந்தார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். கதவுக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கிற சந்து மேலும் கீழும் ஒரே அளவா என்று பார்த்தார். கால்மிதியைத் தூக்கி, ஆற்று மண் படிந்திருக்கிறதா என்று முகர்ந்தார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றா என்று விரல் வைத்துப் படித்தார். குனிந்து டார்ச் அடித்து அடிப்பாகத்தையும் பார்த்தார்.

“கழட்டுன பழைய சாமானெல்லாம் ஊட்டுல இருக்குங்களா தம்பி?”

“அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சுங்கண்ணா.”

“செரி. அப்ப நீங்க சொல்ற வெலை ஆகாதுங்க. இது உங்க அளவுக்குத் தைச்ச சட்டை. துணி நல்ல துணிதான். ஆனா இதே தோளு, இதே ஒசரத்துல இன்னொரு ஆள நான் தேடோணுமில்ல?”

பையன் சிரித்துவிட்டான். சிரித்தவன் விலையில் இறங்கித்தான் வருவான் என்பது சித்ரகலாவுக்குத் தெரியும். வந்தான். உயரம் கூட்டுகிற வேலையை எங்கே செய்தது என்று கேட்டதற்கு, நண்பன் ஒருவனின் ஷெட்டில் என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தோளுக்கும் உயரத்துக்கும் ஆள் முன்பே தயாராக இருந்தார். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற தரணீதரன். தோப்புக்குப் போகிற பாதை வெறும் ஓடைக்கல் பாதை. மறுநாள் காலை எட்டு மணிக்கு யார்டுக்கு வந்து, அதே ஜீப்பில் ஏறித் தோப்புவரை போய், ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லியிருந்தார். மகுடேஸ்வரன் போனை வைத்துவிட்டு, ஓட்டிக் காட்டப் போவது மோகன்ராஜ்தான் என்றார். சித்ரகலாவிடம் அடி வரைக்கும் பளபளவென்று கழுவச் சொன்னார்.

யார்டின் பின்பக்கம் இரண்டு தூண் வைத்த லிஃப்ட் இருந்தது. அது வண்டியின் சட்டத்தைத் தாங்கி மேலே தூக்கும். சக்கரங்கள் நான்கும் அந்தரத்தில் தொங்கும். மோகன்ராஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். சித்ரகலா தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து அடித்தாள். மண் கரைந்து வழிந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவில் போனபோது அவள் கை நின்றது.

சட்டத்திலிருந்து பின் அச்சுக்கு இறங்குகிற பிரேக் ஹோஸ். சுண்டுவிரல் பருமனில், பிரேக் எண்ணெய் ஓடுகிற கறுப்பு ரப்பர்க் குழாய். மற்ற வண்டிகளில் அது லிஃப்டில் தொங்கும்போதும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். இதில் வளைவே இல்லை. இழுத்துக் கட்டிய துணிக்கொடி மாதிரி விறைத்து நின்றது. இரும்பு முனை கவ்வுகிற இடத்தில் ரப்பரில் முடி முடியாக வெள்ளை வெடிப்புகள். அவள் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். உயரத்தைக் கூட்டியவன் ஹோஸை நீட்டவில்லை. பழைய அளவே.

கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்குக் காலில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடைக்கல்லில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்குகிற நேரம், ஹோஸ் இப்படித்தானே நிற்கும்? அந்த நேரம் பார்த்து மோகன்ராஜின் கால் பிரேக்கை அழுத்தினால்?

அவள் ஆபீஸ் அறை வாசலுக்குப் போனாள். மகுடேஸ்வரன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா, சோப்புத் தீந்துபோச்சா?”

இருபத்தேழு அம்பும், அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தன.

“ஆமாங்க,” என்றாள்.

அவர் அலமாரியிலிருந்து புது சோப்பு கேனை எடுத்துக் கொடுத்தார். பாதி நிறைந்த கேன் ஒன்று லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க, இன்னொன்றைச் சுமந்துகொண்டு அவள் திரும்பி நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மோகன்ராஜ் வண்டியை இறக்கியிருந்தான்.

சாயங்காலம் லைன் வீட்டில், அவன் கைலி மாற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகு சொன்னாள். அவன் முதலில் கவனமாகத்தான் கேட்டான். பிறகு சிரித்தான். முதலாளி டார்ச் அடித்துப் பார்த்தாரே, பதினைந்து கிலோமீட்டர் நானே ஓட்டிப் பார்த்தேனே, பிரேக் கத்தி மாதிரி பிடிக்கிறது என்றான். துணி வேறு வண்டி வேறு என்றான். அவள் மறுபடியும் சொல்லப் போனபோது அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“வெசனப்படாத புள்ள. காலைல ஒருக்கா குனிஞ்சு பாத்துர்றன்.”

சொன்னபடி பார்த்தான். ஏழு மணிக்கு யார்டைத் திறந்ததும் ஜீப்பின் பின்னால் மண்டியிட்டு எட்டிப் பார்த்து, அவளையும் கூப்பிட்டுக் காட்டினான். ஹோஸ் சாதுவாக ஒரு வளைவு வளைந்து கிடந்தது. வெடிப்பு இருந்த இடம் மடிப்புக்குள் போய், கண்ணுக்கே தெரியவில்லை.

“பாரு. இதுக்குத்தான் ராத்திரியெல்லாம் பொரண்டியா?”

ஒரு தடவை லிஃப்டில் தூக்குங்கள் மாமா என்று அவள் கெஞ்சினாள். மெருகு போட்டு நிறுத்திய வண்டியை மறுபடி ஏற்றினால் முதலாளி ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது என்றான். அவனுக்கும் பயம் இருந்தது. அது வேறு பயம். அவன் துணியை எடுத்துக்கொண்டு மற்ற வண்டிகளின் கண்ணாடி துடைக்கப் போய்விட்டான்.

அவள் அங்கேயே நின்றாள். தான் நேற்றுப் பார்த்தது நிஜந்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தண்ணீர் பட்டு மினுங்கியதை வெடிப்பு என்று நினைத்துவிட்டோமோ? சொல்லி, தூக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், இவருக்கும் அல்லவா வேலை போகும்? ஆனால் அந்த எலாஸ்டிக்கும் அப்படித்தானே. மேஜையில் கிடக்கிறவரை நல்ல எலாஸ்டிக். அவள் பர்ஸைத் திறந்து உள் அறையின் ஜிப்பை இழுத்தாள். முன் கண்ணாடியில், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக, ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள். முனை கீழே பார்த்திருந்தது.

எட்டு மணிக்குத் தரணீதரன் வந்தார். வேட்டி சட்டையில், மெலிந்த ஆள். கூட அவர் மகள் தேஜஸ்ரீ, ஐந்தாறு வயசிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வண்டி பார்க்க வந்த குஷி முகத்தில் தெரிந்தது. யாரும் தூக்கிவிடாமல் அவளே சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பின்சீட்டில் நின்றுகொண்டு மேல் கம்பியைப் பிடித்தாள். சித்ரகலாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சித்ரகலாவால் திரும்பக் கையாட்ட முடியவில்லை.

அம்பை முதலில் பார்த்தது மகுடேஸ்வரன். பார்த்ததும் சிரித்துவிட்டு, தரணீதரனிடம் அந்த இருபத்தேழு அம்புக் கதையைச் சொன்னார். எங்க யார்டுல ஆர்.டி.ஓ. ஆபீஸே தேவையில்லீங்க என்றார். தரணீதரனும் சிரித்தார். சிரித்தபடியே முதலாளி அம்பை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, விரலால் சுண்டிவிட்டார். அது சித்ரகலாவின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

பதினான்கு வருடத்தில் அவள் ஒட்டிய ஒரு அம்பையும் யாரும் இப்படிப் பிய்த்துப் போட்டதில்லை. அவளுக்கு வேறு வழி தெரியாது. அம்புக்கு மிஞ்சி அவளிடம் எதுவும் இல்லை.

மோகன்ராஜ் ஏறி உட்கார்ந்தான். தரணீதரன் பக்கத்தில் ஏறினார். இன்ஜின் உறுமியது.

எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஜீப்புக்கு முன்னால், பானட் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்ஜினின் நடுக்கம் கை வழியாக ஏறிப் பல்லைக் கிட்ட வைத்தது. அவள் உதடு அசைந்தது. யாருக்கும் கேட்கவில்லை. நகரும்மா என்று முதலாளி கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. மோகன்ராஜ் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்ததில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தியது மாதிரி இருந்தது.

“ரிலாக்ஸ்ல அளவு சரியா இருக்குதுங்க,” என்றாள் முதலாளியைப் பார்க்காமல். “ஸ்ட்ரெச்சுலதானுங்க பத்தமாட்டேங்குது. பின்னால ஹோஸுங்க. தூக்கிப் பாருங்க.”

தரணீதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் மகுடேஸ்வரன் பதினாறு வருடம் பனியன் கம்பெனி நடத்தியவர். இழுத்து அளக்காமல் அனுப்பிய ஒரு கன்டெய்னர் சரக்கு திரும்பி வந்து, அதைக் கிலோக் கணக்கில் தள்ளிவிட்டவர். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“லிஃப்டுல ஏத்து,” என்றார் மோகன்ராஜிடம்.

தரணீதரனும் மகளும் இறங்கிக்கொள்ள, வண்டியை ஏற்றினார்கள். சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப எழும்ப, ஹோஸின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, நேராகி, விறைத்தது. மகுடேஸ்வரன் கீழே நின்று பார்த்தார். ஏணி போட்டு மோகன்ராஜை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொன்னார்.

அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. மகுடேஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குக் கையில் சோப்பு வாளி இருந்தால் அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தப்பாகப் பார்த்துவிட்டோம். எல்லாம் முடிந்தது.

“பலமா மிதிடா,” என்றார் முதலாளி.

மூன்றாவது மிதியில் அந்த வெள்ளை வெடிப்பு கண் திறந்த மாதிரி விரிந்தது. ஊசியில் கோத்த நூல் மாதிரி மெல்லிசாக எண்ணெய் பீய்ச்சி, மகுடேஸ்வரனின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து பாக்கெட் வரை ஒரு கோடு போட்டது. பிரேக் மிதி தரையில் தட்டுகிற சத்தம் மேலிருந்து கேட்டது.

தரணீதரன் தனக்குப் பக்கத்தில் நின்ற மகளின் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

முன் பிரேக் தனிங்க, அது பிடிச்சிருக்குமுங்க என்று மகுடேஸ்வரன் மெல்லச் சொன்னார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

“எங்க பாதைல மூணு எடத்துல ஒரு சக்கரம் அந்தரத்துலதானுங்க நிக்கும்,” என்றார் தரணீதரன். “எறக்கத்துல முன்னால மட்டும் புடிச்சா வண்டி பொரண்டுக்குமுங்க. கீழ ஓடை.”

அவர் வண்டி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தன் காருக்குப் போனார். போகிற வழியில் நின்று சித்ரகலாவிடம் பேர் என்ன என்று கேட்டார். ஏணியில் பாதி இறங்கியிருந்த மோகன்ராஜ்தான் அவள் பேரைச் சொன்னான். தரையில் கால் வைத்ததும் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று பகல் முழுக்க மகுடேஸ்வரன் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை. ரித்தீஷிடம் போனில் சத்தம் போடுவது ஒரு முறை கேட்டது. சித்ரகலா மத்தியானச் சோற்றைத் திறந்து, மூடி வைத்தாள். நாலு மணிக்குக் கூப்பிட்டார். இத்தோடு நின்றுகொள் என்று சொல்வார் என்றே நினைத்துப் போனாள். அவர் சட்டையை மாற்றவில்லை. எண்ணெய்க் கோடு அப்படியே இருந்தது. மேஜை மேல் இரண்டு சோப்பு கேன்கள். ஒன்று பாதி, இன்னொன்று மூடி திறக்காதது.

“நேத்து வாசல்ல வந்து நின்னது இதுக்குத்தானா?”

“ஆமாங்க.”

“நானும் பாத்தனேம்மா, டார்ச் அடிச்சு,” என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, இனிமேல் எந்த வண்டி லிஃப்டில் ஏறினாலும் அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும், அதன் பிறகுதான் விலை என்று மோகன்ராஜுக்கும் கேட்கும்படி சொன்னார்.

நல்லதுதான் நடந்தது என்று மோகன்ராஜ் சொன்னான். அவளும் தலையாட்டினாள். ஆனால் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது அன்றிலிருந்துதான். சொல்லப் பயந்த காலத்தில், பார்ப்பதற்கு அவள் பயந்ததில்லை.

திங்கட்கிழமை ஒரு சிவப்பு ஜீப் லிஃப்டில் ஏறியது. வாங்க வந்தவர்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு வயதான அம்மா. சித்ரகலா அடியில் நின்று ஹோஸைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல வளைவு. ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாள். சட்டத்தின் பற்றவைப்பைத் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். ஒட்டுவதற்கு ஓர் இடமும் இல்லை. விரல் நுனியில் எடுத்து வைத்திருந்த அம்பு வியர்வையில் நனைந்து சுருண்டது.

“பாத்துட்டியா புள்ள? எறக்கட்டுமா?” என்றான் மோகன்ராஜ், பொத்தானில் கையை வைத்துக்கொண்டு.

வெளியே அந்தப் பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

“சித்த இருங்க மாமா,” என்றாள். “இன்னொருக்கா மொதல்ல இருந்து பாத்துர்றன்.”